பச்சை ஆணா, பழுப்பு பெண்ணா?

வணக்கம் ஐயா. எங்களுக்கு தேவிபட்டினம் பக்கம். மழை விட்ட மறுநாள் உடைமரத்தில் என் மகள் இரண்டு பொன்வண்டு பிடித்தாள். ஒன்று முழுப் பச்சை. இன்னொன்றுக்குக் கழுத்து மட்டும் பச்சை, முதுகு பழுப்பு. பச்சை ஆண், பழுப்பு பெண் என்கிறார் என் அப்பா. சரிதானா?
– ச.

அன்புள்ள ச.,

எங்கள் தெருவிலும் அப்படித்தான் சொன்னார்கள், நானும் நம்பினேன், ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது ஒரு ஐப்பசியில் என் தீப்பெட்டியில் பழுப்பும் பக்கத்து வீட்டு அண்ணன் தீப்பெட்டியில் பச்சையும் கொடுக்காப்புளி இலையோடு கிடக்கும் வரை. என்னுடையது முட்டையிட்டது. இரண்டு நாள் கழித்து அவருடைய 'ஆண்' வண்டும் முட்டையிட்டது!

இரண்டும் வேறு வேறு இனம். பச்சை, ஸ்டெர்னோசெரா ஸ்டெர்னிகார்னிஸ். 1758-இல் ஸ்வீடன் நாட்டு இயற்கை ஆய்வாளர் லின்னேயஸ் வைத்த பெயர். பழுப்பு, ஸ்டெர்னோசெரா கிரைசிஸ். 1775-இல் அவருடைய மாணவர், பூச்சி ஆய்வாளர் ஃபாப்ரீஷியஸ் வைத்தது. பேரினம், அதாவது நெருங்கிய இனங்களைச் சேர்த்த குழு, ஒன்றுதான். மல்லாத்திப் பாருங்கள், மார்பில் கால்களுக்கு நடுவே மழுங்கலான முள் ஒன்று முன்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும், இரண்டுக்குமே. ஸ்டெர்னோசெரா என்றால் கிரேக்கத்தில் மார்புக்கொம்பு.

சரி, எப்படிப் பிரிப்பது? நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். அந்தப் பச்சை சாயம் இல்லை, ஓட்டின் மெல்லிய அடுக்குகளில் வெளிச்சம் பட்டுத் திரும்புவதால் வருவது, வண்டைச் சாய்த்தால் நிறமும் கொஞ்சம் மாறும். மூடிச்சிறகை, அதாவது முதுகை மூடியிருக்கும் கெட்டியான மேற்சிறகைப் பாருங்கள். பச்சை வண்டின் சிறகில் அம்மைத் தழும்பு மாதிரி குழிகள் இருக்கும், குழிக்குள் மாவு அப்பியது போல வெளிறிய நுண்மயிர், தள்ளி நின்று பார்த்தால் வெள்ளைப் புள்ளியாகத் தெரிவது அதுதான். மயிர் தேய்ந்து உதிரலாம், குழி எங்கேயும் போகாது. பழுப்பு வண்டின் சிறகு அப்படியே புளியங்கொட்டை, நிறமும் வழவழப்பும். ஒன்று கவனம்: கழுத்துப் பகுதியில் குழி இரண்டுக்கும் உண்டு, அங்கே பார்த்து ஏமாந்துவிடாதீர்கள்.

அப்புறம், மகளிடம் சொல்லி இரண்டையும் பிடித்த மரத்திலேயே விட்டுவிடுங்கள். நூல் கட்டிப் பறக்கவிட்டால் கால் பிய்ந்துவிடும், வளர்ந்த வண்டுக்கு ஆயுளே சில வாரம்தான். விடுவதற்கு முன் ஃபிளாஷ் போடாமல், காலை வெயில் பக்கவாட்டில் விழும்படி வைத்து, சிறகை மட்டும் கிட்டத்தில் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். குழி தெளிவாகத் தெரியும்.