பதில்: ‘ஐ ஹெர்ட் த அவுல் கால் மை நேம்’ நாவல் நகரவே மாட்டேன் என்கிறது, விட்டுவிடலாமா?

இளம் பாதிரியார் மார்க் சாகப்போவது முதலிலேயே தெரிந்துவிட்டது, அப்புறம் எதற்குப் படிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நமக்குத் தெரியும், அவரை அந்த ஊருக்கு அனுப்பும் பிஷப்புக்குத் தெரியும், மார்க்குக்கு மட்டும் தெரியாது. கதையின் இழுவிசையே அதுதான். மார்க் கல்லறை வேலையில் கைகொடுப்பதை இதை மனதில் வைத்துப் படியுங்கள்.

விட வேண்டாம். முட்டையிட்டபின் சாகும் சால்மன் மீனை மார்க்கும் ஊர்ப்பெண் கீட்டாவும் பார்க்கும் இடம் வரையாவது போங்கள். அப்புறம் ஊரின் பழைய முகமூடி விற்கப்படும் பகுதி. என்னைக் கேட்டால், சாவை விட அதுதான் கனமானது.

கொஞ்சம் பின்னணி தெரிந்தால் எளிதாகும். கதை நடப்பது கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் உள்ள கிங்கம் ஊரில்; அங்கே இருப்பவர்கள் க்வாக்வாகாவாக்கு என்ற பழங்குடி மக்கள். அவர்களுடைய பொட்லாட்ச் கொடைவிருந்தைக் கனடா அரசு 1885 முதல் 1951 வரை தடை செய்திருந்தது; பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்து விடுதிப் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். பெரியவர்கள் ஏன் அவ்வளவு மௌனமாக இருக்கிறார்கள் என்பது அப்போது புரியும்.

ஒன்று மட்டும்: நாவலை எழுதிய மார்கரெட் கிரேவன் வெள்ளை அமெரிக்கர், நாவல் வந்தது 1967இல். ஊர்க்காரர்களைச் சில இடங்களில் அளவுக்கு மீறி ஞானிகளாக்கிவிடுகிறார். அங்கே நீங்கள் எரிச்சலடைந்தால் தப்பில்லை.