மார்க்கை விடுங்கள், ரேங்க்கைப் பாருங்கள்

டெக்சாஸ் மாநிலம் ஃபிரிஸ்கோவிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "எட்டாவது படிக்கும் என் மகன் அமெரிக்கன் ஃபுட்பால் கார்டு சேர்க்கிறான். மாட் ரையன் கையெழுத்துப் போட்ட கார்டை ஒரு வியாபாரி 400 டாலருக்குத் தருகிறாராம். 'டேன் மரினோவைவிட ரையன் அதிக யார்டு எறிந்தவர், சீக்கிரம் விலை ஏறிவிடும்' என்கிறாராம். எனக்கு இந்த ஆட்டத்தில் தலையும் தெரியாது, வாலும் தெரியாது. வாங்கலாமா?"

வேண்டாம். ரையன் நல்ல குவார்ட்டர்பேக்தான் (அணிக்காகப் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர்), 2016இல் என்.எஃப்.எல் என்ற தொழில்முறை லீகின் மிகச் சிறந்த வீரர் விருது வாங்கியவர். ஆனால் இந்தக் காரணத்துக்காக வாங்க வேண்டாம்.

வியாபாரி பொய் சொல்லவில்லை, அதுதான் தொல்லை. எறிந்த பந்தைச் சகவீரர் பிடித்து அணி முன்னேறும் தூரத்தைத்தான் யார்டில் எண்ணுகிறார்கள். ரையன் எறிந்தது 62,792 யார்டு, முந்தைய தலைமுறைக் குவார்ட்டர்பேக் மரினோ 61,361. ஆனால் இருவரும் எழுதிய பரீட்சை வேறு வேறு. மரினோ ஆடியது 1983 முதல் 1999 வரை, ரையன் 2008 முதல் 2022 வரை. பந்தைப் பிடிக்க ஓடுகிறவர் மீது ஐந்து யார்டுக்கு அப்பால் கை வைக்கக் கூடாது என்று 1978இல் விதி வந்தது; 2004இலிருந்துதான் அதைக் கறாராக அமல்படுத்தினார்கள். எறிகிறவரை அடிப்பதற்கும் வருஷத்துக்கு வருஷம் கட்டுப்பாடு. வினாத்தாள் சுலபமானால் எல்லோருக்கும் மார்க் ஏறத்தானே செய்யும்?

அதனால் ரேங்க்கைப் பாருங்கள். ஒரு சீசனில் லீகிலேயே அதிக யார்டு எறிந்தவராக மரினோ ஐந்து முறை வந்தார். ரையன் ஒருமுறைகூட இல்லை. 1984இல் மரினோ ஒரே சீசனில் 48 டச்டவுன் (எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைச் சேர்ப்பது) எறிந்தபோது அதுவரை இருந்த சாதனை வெறும் 36. அதே சீசனில் அவர் எறிந்த 5,084 யார்டைத் தாண்ட 2011 வரை ஆளில்லை. உங்கள் மகனுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்.

"மரினோ ஒரு சூப்பர் பௌல்கூட ஜெயிக்கவில்லையே" என்று, லீகின் இறுதிப் போட்டியைச் சொல்லிக்கொண்டு யாராவது வருவார்கள். சுமாரான குவார்ட்டர்பேக் ட்ரென்ட் டில்ஃபர்கூட ஜெயித்திருக்கிறார் என்று சொல்லுங்கள். 2000 சீசனில் அவர் ஆடிய பால்டிமோர் அணியின் தடுப்பாட்டம் 16 ஆட்டங்களில் விட்டுக்கொடுத்தது 165 புள்ளிகள்தான். கோப்பை வந்ததும் அதே அணி டில்ஃபரை அனுப்பிவிட்டது. பாஸர் ரேட்டிங் என்று, எறிகிறவருக்கு மார்க் போடும் கணக்கு ஒன்றைக் காட்டினாலும் மயங்காதீர்கள். 1973இல் போட்ட சூத்திரம் அது. முழு மார்க் 100 இல்லை, 158.3! குவார்ட்டர்பேக் பந்தோடு ஓடுவதும், அடிபட்டு விழுவதும் அதில் கணக்கே இல்லை. இத்தனை வருஷமாக அதையே கட்டிக்கொண்டு அழுகிறார்கள்.

ரேங்க்கும் கைகொடுக்காத ஒரே ஆள் வாரன் மூன் என்ற குவார்ட்டர்பேக். 1978 ஜனவரியில் ரோஸ் பௌல் என்ற கல்லூரி ஆட்டத்தில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தை ஜெயிக்கவைத்து, அந்த ஆட்டத்தின் சிறந்த வீரர் என்ற பெயரும் வாங்கினார். அப்படியும், லீகின் அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் அந்த ஆண்டுத் தேர்வில் அவரை எந்த அணியும் எடுக்கவில்லை. கறுப்பின இளைஞர்; குவார்ட்டர்பேக்காக வேண்டாம், அணியில் வேறு பொறுப்பில் ஆடினால் எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். அவர் மறுத்துவிட்டு கனடா லீகின் எட்மன்டன் அணிக்குப் போனார். ஆறு சீசன், தொடர்ந்து ஐந்து கோப்பை, 21,228 யார்டு. என்.எஃப்.எல்லின் ஹூஸ்டன் அணிக்கு 1984இல் வந்தபோது வயது 27. அப்புறமும் இங்கே 49,325 யார்டு எறிந்தார். இரண்டையும் கூட்டினால் எழுபதாயிரத்துக்கு மேல். ஆனால் லீகின் பட்டியலில் 49,325 மட்டும்தான் நிற்கிறது. கதவைச் சாத்தியதும் அவர்கள்தான், வெளியே நின்ற காலத்தைக் கணக்கில் சேர்க்காததும் அவர்கள்தான். கேன்டனில் உள்ள, சிறந்த வீரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேம் மட்டும் 2006இல் மரியாதையாக உள்ளே அழைத்துக்கொண்டது. சேமிப்பில் ஒரு கார்டு போதும் என்றால் என் ஓட்டு மூனுக்கு.

சரி, வியாபாரி விஷயம். மொத்தக் கணக்கை மட்டும் சொல்லி விற்கிறவர் ஆட்டத்தைப் பற்றிப் பேசவில்லை, உங்கள் மகனின் ஆசையைப் பற்றிப் பேசுகிறார். கையெழுத்து பேனாவில் போட்டதா, அச்சில் வந்ததா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். நான் ஒருமுறை பார்க்காமல் வாங்கினேன். வீட்டில் வந்து பார்த்தால் எல்லாம் புள்ளி புள்ளியாக அச்சு மை. தரச்சான்று எண் இருந்தால் சான்று கொடுத்த நிறுவனத்தின் தளத்தில் போட்டு, அங்கே வரும் விவரம் கையில் இருக்கும் கார்டோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். எண் இருப்பது மட்டும் போதாது, நல்ல கார்டின் எண்ணைப் போலி உறையில் அடிக்கிறவர்களும் உண்டு. விலையை, அதே கார்டு சமீபத்தில் உண்மையில் விற்ற தொகையோடு ஒப்பிடுங்கள். கேட்கிற விலை யார் வேண்டுமானாலும் எழுதலாம்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் வாங்கினால்தான் இந்த விலை என்றும் அவர் சொல்லியிருப்பார், நீங்கள் எழுதவில்லை. திங்கட்கிழமை போய்க் கேளுங்கள், கார்டு அங்கேயேதான் இருக்கும்.