முரட்டு டிஃபென்ஸை அசைப்பது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகன் பள்ளி அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் ஆஃபென்ஸிவ் கார்டாக (பந்து வைத்திருக்கும் அணியின் முன்வரிசையில் எதிராளியைத் தடுப்பவன்) ஆடுகிறான். போன வாரம் 28–0 என்று தோற்றுவிட்டு வந்தான். "அவங்க முன்வரிசைப் பசங்க ரொம்ப பலம்மா, ஒண்ணும் பண்ண முடியாது" என்கிறான். நிஜமாகவே ஒன்றும் செய்ய முடியாதா? (ஒரு அம்மா, டாலஸ்)

பதில்: தாராளமாகச் செய்யலாம் அம்மா. அதிலும் உங்கள் பையன் ஆடும் இடத்திலிருந்துதான் முக்கால்வாசி வேலை நடக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை ராத்திரிகளில் எங்கள் ஊர்ப் பள்ளி மைதானத்தில் செயின் பிடிக்கிற ஆள் நான். 10 யார்டை அளக்க இரண்டு கம்பும் ஒரு சங்கிலியுமாகக் கோட்டோரம் நிற்பார்களே, அதில் ஒருவன். அங்கிருந்து பார்த்தால் பந்து யாரிடம் இருக்கிறது என்பதே பல சமயம் தெரியாது. முன்வரிசைப் பையன்களின் கையும் காலும் மட்டும் நன்றாகத் தெரியும்.

பலசாலியான டிஃபென்ஸ் பையனுக்கு ஒரு பழக்கம் உண்டு. வழி தெரிந்தால் பாய்ந்துவிடுவான். ஸ்கோரில் முந்திக்கொண்டிருந்தால் இன்னும் வேகமாகப் பாய்வான். இதை நம்பியே உருவானதுதான் டிராப் (trap, அதாவது பொறி) என்கிற ஓட்டம். அவனுக்கு எதிரே இருக்கும் கார்டு அவனைத் தொடாமல் நழுவி, பின்னால் நிற்கும் இரண்டாம் வரிசைக் காவலரான லைன்பேக்கரைப் பிடிக்கப் போய்விடுவான். வழி கிடைத்த சந்தோஷத்தில் அந்த டிஃபென்ஸ் பையன் இரண்டு எட்டு உள்ளே வைப்பான். அதற்குள் மறுபக்கத்து கார்டு, நடுவில் நின்று பந்தை எடுத்துக்கொடுக்கும் சென்டருக்குப் பின்னால் குறுக்கே ஓடி வந்து, அவன் விலாவில் தோளைக் கொடுப்பான். அவன் காலி செய்த இடத்தின் வழியாகப் பந்து போய்விடும். கதவை முழு பலத்தோடு தள்ளுகிறவனுக்குச் சட்டென்று தாழ்ப்பாளை எடுத்துவிட்ட கதைதான்.

ஸ்க்ரீன் பாஸும் இதே ஜாதி. பாய்கிறவர்களைப் பாயவிட்டு, அவர்கள் தலைக்கு மேலே, பந்தோடு ஓடுகிறவனான ரன்னிங் பேக்கிடம் பந்தைப் போடுவது. டிரா என்றால், எறியப் போகிறவர் போல் குவார்ட்டர்பேக் (ஆட்டத்தை நடத்தி, பந்தை எறிகிறவர்) பின்வாங்கிவிட்டு, பந்தை ஓடுகிறவன் வயிற்றில் திணிப்பது. இவற்றில் ஒன்று ஒரு தடவை பலித்தாலும் போதும், எதிரணிப் பையன் அடுத்த முறை அரை நொடி யோசிப்பான். அந்த அரை நொடியில் உங்கள் சாதாரண ஓட்டமும் நாலு யார்டு போகும்.

இன்னொன்று, மகனிடம் கேட்டுப் பாருங்கள். குனிந்து தரையில் கை ஊன்றும்போது எடையை எங்கே வைக்கிறான்? ஓட்டம் என்றால் விரல் கணு வெளுக்கும் அளவுக்குக் கையில் சாய்வதும், பாஸ் என்றால் குதிகாலில் பின்வாங்கி உட்காருவதும் பள்ளிப் பையன்களிடம் நான் வாராவாரம் பார்ப்பது. எதிரே இருக்கிறவனும் பார்க்கிறான். 28–0 வெறும் பலத்தால் மட்டும் வந்திருக்காது என்பது என் சந்தேகம்.

கேள்வி: 1985-இல் தொழில்முறை லீகில் ஆடிய சிகாகோ பேர்ஸ் அணியின் டிஃபென்ஸை யாராலும் அசைக்க முடியவில்லை என்று ஆபீஸில் ஒருவர் சத்தியம் செய்கிறார். சரிதானா? (ஒரு வாசகர், நேப்பர்வில், இல்லினாய்)

பதில்: ஒரே ஒரு அணி அசைத்தது. ஊர்ப்பெருமையில் உங்கள் ஆபீஸ்காரர் அதை மறந்திருப்பார், மன்னித்துவிடுங்கள்.

1985 டிசம்பர் 2, திங்கள் இரவு, மயாமி ஆரஞ்ச் பவுல். பேர்ஸ் 12 ஆட்டம் ஜெயித்து, ஒன்றும் தோற்காமல் வந்து இறங்கினார்கள். அதற்கு முன் டாலஸை 44–0, அட்லாண்டாவை 36–0 என்று அடுத்தடுத்துத் துவைத்திருந்தார்கள். டிஃபென்ஸ் கோச் படி ரயன் (Buddy Ryan) என்பவர் வகுத்த '46' ஏற்பாட்டில், சென்டருக்கும் இரண்டு கார்டுகளுக்கும் நேர் எதிரே ஆளுக்கு ஒருவர் நிற்பார். எனவே ஒருவரை இருவர் சேர்ந்து தடுப்பது கஷ்டம். மொத்தம் எட்டுப் பேர் முன்னால் நெருக்குவார்கள். எண்ணைப் பார்த்து ஆட்டக்காரர்களின் எண்ணிக்கை என்று நினைக்காதீர்கள். டக் பிளாங்க் என்ற சேஃப்டியின் (கடைசி வரிசைக் காவலர்) சட்டை எண் அது. அவர் 85-க்கு முன்பே அணியை விட்டுப் போய்விட்டார்.

எட்டுப் பேர் முன்னால் வந்தால் பின்னால் ஆள் குறையும். மயாமி கோச் டான் ஷூலா அங்கேதான் கை வைத்தார். நாட் மூர் என்ற அனுபவசாலியை மூன்றாவது ரிசீவராக (எறிந்த பந்தைப் பிடிக்கிறவர்) உள்பக்கம், ஸ்லாட் என்கிற இடத்தில் நிறுத்தினார். அவரைத் துரத்தும் வேலை லைன்பேக்கர் வில்பர் மார்ஷல், சேஃப்டி கேரி ஃபென்சிக் போன்றவர்கள் தலையில் விழுந்தது. இடிக்கப் பிறந்தவர்களை ஓட்டப்பந்தயத்துக்கு அழைத்த மாதிரி ஆயிற்று. குவார்ட்டர்பேக் டான் மரீனோவையும் ஒரே இடத்தில் நிற்கவிடாமல் பக்கவாட்டில் நகர்த்தி எறிய வைத்தார்கள். மரீனோ ஒன்றும் ஓடுகிற ஆள் இல்லை. ஆனாலும் பாய்கிறவர்கள் குறி வைத்து வந்த இடத்தில் அவர் இல்லை, அவ்வளவுதான். மூருக்கு இரண்டு டச் டவுன் (எதிரணிக் கோட்டுக்குள் பந்தைச் சேர்ப்பது).

இடைவேளையில் 31–10. தலைமை கோச் மைக் டிட்காவும் ரயனும் அறைக்குள் கைகலப்பு அளவுக்குப் போய்விட்டதாக ஆட்டக்காரர்களே பிற்பாடு சொன்னார்கள். மூருக்கு எதிரே, ரிசீவர்களைத் துரத்தும் காவலரான கார்னர்பேக் இன்னொருவரைக் கொண்டுவர ரயன் மனசில்லாமல் இருந்ததுதான் சண்டைக்குக் காரணம். முடிவு 38–24. அதிர்ஷ்டமும் இல்லாமல் இல்லை. மரீனோ எறிந்த ஒரு பந்து டான் ஹாம்ப்டன் ஹெல்மெட்டில் பட்டுத் தெறித்து, மார்க் கிளேட்டன் கையில் விழுந்து டச் டவுன் ஆனது. அதை எந்த கோச்சும் திட்டம் போட்டிருக்க முடியாது.

கேள்வி: டிஃபென்ஸ் பலமாக இருந்தால் நீளமாக எறிந்து பார்த்துவிடலாமே? (ஒரு வாசகர், எடிசன்)

பதில்: நீளமாக எறிய மூன்று நொடிக்கு மேல் வேண்டும். நல்ல டிஃபென்ஸ் கொடுக்காத ஒரே பொருள் அந்த நேரம்தான்.

சியாட்டிலைப் பாருங்கள். 2012 முதல் 2015 வரை நான்கு சீசன்களிலும் லீகிலேயே குறைந்த புள்ளி கொடுத்த டிஃபென்ஸ் அவர்களுடையது. 2014 பிப்ரவரியில், சூப்பர் பவுல் என்கிற லீக் இறுதி ஆட்டத்தில், ஒரு சீசனில் 606 புள்ளி எடுத்துச் சாதனை படைத்த டென்வரையே 43–8 என்று நசுக்கினார்கள். அடுத்த வருட சூப்பர் பவுலில் நியூ இங்கிலாந்து அவர்களை எதிர்த்து ஆடியபோது, அதன் குவார்ட்டர்பேக் டாம் பிரேடி எறிந்தவை பெரும்பாலும் குட்டிக் குட்டிப் பாஸ்கள். ரன்னிங் பேக் ஷேன் வெரீனை ரிசீவர் மாதிரி ஓரத்தில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். அவர் பின்னாலேயே லைன்பேக்கர் போனால், ஆளுக்கு ஆள் காவல். கார்னர்பேக் அங்கேயே நின்றால், இடத்துக்கு இடம் காவல். பந்து அசையும் முன்பே பிரேடிக்கு விடை கையில்! வெரீன் 11 பந்து பிடித்தார். மொத்தம் 64 யார்டுதான்.

முதல் கால் பகுதியிலேயே சியாட்டிலின் ஜெரமி லேன் கை உடைந்து வெளியேற, மாற்றாக தரோல்ட் சைமன் வந்தார். அதன்பிறகு அவர் பக்கம் பந்து போய்க்கொண்டே இருந்தது. ஈவு இரக்கம் பார்க்காமல் அடித்தார்கள், சரியாகவும் செய்தார்கள். கடைசிக் கால் பகுதியில் 24–14 என்று பின்தங்கியிருந்த அணி 28–24 என்று ஜெயித்தது. கடைசி டச் டவுனில் ஜூலியன் எடல்மன் ஏமாற்றியதும் அதே சைமனைத்தான்.

கேள்வி: ஒவ்வொரு முறையும் பந்து அசையும் முன் ஒருவர் குறுக்கே ஓடுகிறாரே, அது எதற்கு? சும்மா கண்கட்டு வேலையா? (ஒரு வாசகி, சான் ஹோசே)

பதில்: சும்மா இல்லை. 2023 பிப்ரவரி சூப்பர் பவுலின் தலையெழுத்தை மாற்றியதே அந்த ஓட்டம்தான்.

ஃபிலடெல்ஃபியா அந்தச் சீசனில் எதிரணி குவார்ட்டர்பேக்குகளை 70 முறை தரையில் சாய்த்திருந்தது. அவர்களிடம் ஒரு விதி இருந்ததைக் கான்சஸ் சிட்டி கவனித்தது. கோல் பக்கத்தில் ஒரு ரிசீவர் குறுக்கே ஓட ஆரம்பித்தால், அவர் மறுபக்கம் போய்ச் சேருவார் என்று நம்பிக் காவலாட்கள் பொறுப்பை மாற்றிக்கொள்வார்கள். அந்த சீசனிலேயே ஜாக்சன்வில் இதைத் தோண்டிக் காட்டியிருந்தது. எனவே கடாரியஸ் டோனி உள்ளே ஓடுவதுபோல் நாலைந்து எட்டு வைத்தார், சட்டென்று வந்த வழியே திரும்பினார். பிடித்தபோது சுற்றுவட்டாரத்தில் ஈ காக்கை இல்லை. அடுத்த முறை பந்து கிடைத்ததும் மறுபக்கத்தில் ஸ்கை மூர், அதே நாடகம், அதே டச் டவுன். கான்சஸ் சிட்டி குவார்ட்டர்பேக் மஹோம்ஸை அன்று ஒரு தடவைகூட யாரும் சாய்க்கவில்லை. தரை வழுக்கியது என்று ஃபிலடெல்ஃபியா ரசிகர்கள் இன்றும் சொல்வார்கள். வழுக்கியது உண்மை, ஆனால் இரண்டு அணிக்கும் அதே தரைதான்.

கேள்வி: குவார்ட்டர்பேக்கே ஓடிவிட்டால்? (ஒரு மாணவர், ஆஸ்டின்)

பதில்: கணக்கு சமமாகும். வழக்கமாகப் பந்தைக் கொடுத்துவிட்டு அவர் வேடிக்கை பார்ப்பதால், 10 பேர் 11 பேரை எதிர்க்க வேண்டியிருக்கிறது. அவரும் ஓடுவார் என்றால் டிஃபென்ஸுக்கு ஒரு ஆள் உபரி கிடையாது. முட்டி பத்திரம் தம்பி.

கேள்வி: நாலாவது டவுனில் (10 யார்டு முன்னேறக் கிடைக்கும் நாலு வாய்ப்பில் கடைசி) 2 யார்டுதான் பாக்கி. எதிரே முரட்டு டிஃபென்ஸ். பந்தை எதிரணிக்கு உதைத்துவிடுவதா, முயற்சி செய்வதா? (அதே டாலஸ் அம்மா, அடுத்த மெயிலில்)

பதில்: மைதானத்தின் நடுக்கோட்டைத் தாண்டிவிட்டால் முயற்சி செய்யச் சொல்வேன். நம் பக்கத்து 20 யார்டில் என்றால் உதைக்கலாம், வெட்கமில்லை. இரண்டு யார்டுக்கு எந்த ஆட்டம் என்று கேட்டால், மேலே சொன்ன டிராப். மகன் கையில் எடையை மட்டும் காட்டிக்கொடுக்காமல் இருக்கட்டும்.