ஒன்ராறியோவில் ட்ரக் லைசென்ஸ் எடுக்கப்போகும் தம்பிக்கு

தம்பி, ஊரில் லொறி ஓடிய அனுபவம் இருக்கிறது, இங்கே கார் ஓடுகிற ஜி லைசென்ஸும் முழுதாகக் கையில் வந்துவிட்டது, இனி நேரே ட்ரக் பள்ளிக்கூடத்தில் காசைக் கட்டிவிடலாமா, சோதனைகளுக்கு எப்படித் தயாராவது என்று கேட்டிருந்தீர்கள். காசைக் கொஞ்சம் பொறுத்துக் கட்டுங்கள். முதலில் டொக்டரிடம் போங்கள்.

பெரிய ட்ரெய்லர் ட்ரக்குக்கான ஏ வகுப்போடு, காற்றழுத்தத்தில் வேலை செய்யும் எயார் பிரேக்குக்கான அனுமதியும் (இசட்) சேர்ந்ததுதான் ஏ-இசட் லைசென்ஸ். அதற்கு மெடிக்கல் படிவம் கட்டாயம். இந்தப் பரிசோதனைக்கு மாகாண மருத்துவக் காப்புறுதியான ஓஹிப் காசு கொடுக்காது, கையிலிருந்துதான் கட்ட வேண்டும். கண் பார்வைக்கும் அளவு உண்டு: இரண்டு கண்ணும் சேர்ந்து 20/30, பலவீனமான கண் 20/100ஐ விட மோசமாக இருக்கக் கூடாது. கண்ணாடி போட்டு இந்த அளவு வந்தால் போதும். சர்க்கரை வியாதி, வலிப்பு, இதயக் கோளாறு ஏதும் இருந்தால் இந்தக் கட்டத்திலேயே தெரிந்துவிடும். பள்ளிக்கூடத்தில் ஆயிரக்கணக்கில் கட்டியபின் தெரியவருவதைவிட இது எவ்வளவோ மேல். லைசென்ஸ் வந்த பிறகும் 46 வயது வரை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை இந்தப் படிவம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், அதற்குப் பிறகு இன்னும் அடிக்கடி.

அடுத்தது எழுத்துச் சோதனை. காருக்கான எழுத்துச் சோதனையான ஜி1ஐத் தமிழில் எழுதியிருப்பீர்கள். இதை ஆங்கிலத்தில் எழுதுவதற்கே தயாராகுங்கள். மாகாணத்தின் ட்ரக் கையேடு ஒன்று, எயார் பிரேக் கையேடு ஒன்று, இரண்டையும் படித்தால் போதும். 80 சதவீதம் எடுத்தால் பாஸ். போனில் சுற்றும் கேள்வி பதில்களை மனப்பாடம் செய்து பாஸாகிறவர்கள் உண்டு. அவர்கள் பிறகு யார்டில் முழிப்பதைப் பார்த்திருக்கிறேன். ஓட்ட நேரக் கணக்கையும் இப்போதே மனதில் போட்டுக்கொள்ளுங்கள்: ஒரு நாளில் 13 மணி நேரம் ஓடலாம், வேலை நேரம் மொத்தம் 14, ஓய்வு 10.

பள்ளிக்கூடம் பற்றி. 2017 ஜூலை முதல் இந்த மாகாணத்தில் குறைந்தது 103.5 மணி நேரப் பயிற்சி இல்லாமல் ஏ வகுப்பு றோட் டெஸ்டுக்குப் போக முடியாது. சிலர் 'வந்து கையெழுத்தை மட்டும் போட்டுவிட்டுப் போங்கள், மணி நேரத்தை நாங்கள் நிரப்புகிறோம்' என்று குறைந்த விலை சொல்வார்கள். அந்தப் பக்கமே போகாதீர்கள். மாகாணத்தில் பதிவான தொழிற்கல்லூரியா என்று அரசாங்க இணையப் பக்கத்தில் தேடிப் பாருங்கள். பிறகு நேரில் போய் மூன்று விஷயம் கேளுங்கள். அந்த 103.5இல் ஸ்டீயரிங் உங்கள் கையில் இருப்பது எவ்வளவு நேரம்? ஒரு வண்டிக்கு எத்தனை மாணவர்? பழகுகிற அதே வண்டியைத்தான் டெஸ்டுக்கும் தருவார்களா? பதில் மழுப்பலாக வந்தால் வெளியே வந்துவிடுங்கள். தமிழில் சொல்லித் தருகிற இடமாக இருந்தால் நல்லதுதான், ஆனால் அதற்காக மட்டும் ஒரு பள்ளிக்கூடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

ஏனென்றால் நம் ஆட்கள் தடுமாறுவது பெரும்பாலும் ஓட்டத்தில் இல்லை, வாயில். ஓடுவதற்கு முன் வண்டியைச் சுற்றிப் பார்க்கும் 'சர்க்கிள் செக்' இருக்கிறதே, அதைச் செய்தால் போதாது, சொல்லிக்கொண்டே செய்ய வேண்டும். ரயரைத் தட்டிப் பார்த்துத் தலையை ஆட்டினால், நீங்கள் என்ன பார்த்தீர்கள் என்று பரிசோதகருக்கு எப்படித் தெரியும்? 'ரயரில் வெட்டு இல்லை, வீக்கம் இல்லை, நட் எல்லாம் இருக்கிறது, நட்டைச் சுற்றித் துரு வடிந்த கோடு இல்லை' என்று ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் வர வேண்டும். துரு வடிந்திருந்தால் நட் தளர்ந்திருக்கலாம் என்று அர்த்தம். அந்தக் காரணத்தையும் தெரிந்து வையுங்கள்.

எயார் பிரேக் சோதனையும் அப்படித்தான். சில்லுக்குக் கட்டை வைத்து, காற்று முழுதாக ஏறியதும் என்ஜினை நிறுத்தித் திறப்பை ஒன் நிலையில் வைத்து, மஞ்சள் குமிழ் (ட்ரக்கின் பார்க்கிங் பிரேக்), சிவப்புக் குமிழ் (ட்ரெய்லருக்குப் போகும் காற்று) இரண்டையும் உள்ளே தள்ளிவிட்டுப் பிரேக்கை மிதித்து மிதித்து விட வேண்டும். காற்றழுத்தம் காட்டும் ஊசி இறங்கி 60 பிஎஸ்ஐ அளவில் வரும்போது எச்சரிக்கைச் சத்தமும் விளக்கும் வரும். இன்னும் மிதித்தால் 45க்கும் 20க்கும் இடையில் குமிழ்கள் 'டப்' என்று வெளியே துள்ளும். அதாவது காற்றுப் போனதும் ஸ்பிரிங் தானாகவே சில்லைப் பிடித்துக்கொள்கிறது. இது விளங்கினால் மனப்பாடமே தேவையில்லை. இரவில் குசினியில் நின்று வண்டி முன்னால் இருப்பதாக நினைத்து, சத்தம் போட்டுச் சொல்லிப் பழகுங்கள். வீட்டில் சிரிப்பார்கள், பரவாயில்லை.

ரிவர்ஸ்: ஸ்டீயரிங்கின் அடிப்பாகத்தில் கையை வையுங்கள். கை எந்தப் பக்கம் போகிறதோ, ட்ரெய்லரின் பின்பக்கமும் அந்தப் பக்கமே போகும். கொஞ்சம் திருப்புங்கள், பொறுங்கள், பாருங்கள். சந்தேகம் வந்தால் நிறுத்தி, பிரேக் போட்டு, இறங்கிப் போய்ப் பார்க்கலாம். இதை வெட்கமாக நினைக்கிறவர்கள்தான் கூம்பை இடிப்பார்கள். ட்ரெய்லரைக் கொழுவும்போதும் அதே பொறுமை வேண்டும். 'க்ளிக்' கேட்டதும் போதும் என்று நினைக்காமல், ட்ரெய்லர் பிரேக்கைப் பிடித்தபடி முன்னே இழுத்துப் பாருங்கள். பிறகு டோர்ச்சோடு குனிந்து, ட்ரெய்லரின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கிங் பின் என்ற இரும்பு முளையைச் சுற்றிப் பூட்டு மூடியிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

ஊர்ப் பழக்கத்தில் இரண்டை மறக்க வேண்டும். இறக்கத்தில் நியூட்ரலில் விடுவது ஒன்று. கண்ணை மட்டும் அசைத்துக் கண்ணாடி பார்ப்பது மற்றது. தலை திரும்புவது பரிசோதகருக்குத் தெரிய வேண்டும்.

கியர் வண்டியா, ஓட்டோமற்றிக் (ஓட்டோ) வண்டியா என்று கேட்டிருந்தீர்கள். 2022 ஜூலை முதல், ஓட்டோ வண்டியில் டெஸ்ட் கொடுத்தால் ஏ வகுப்பில் கியர் வண்டி ஓட முடியாதபடி லைசென்ஸில் கட்டுப்பாடு போடுகிறார்கள். நெடுஞ்சாலை வேலைக்கு அது பெரிய இழப்பில்லை, புது வண்டிகள் பெரும்பாலும் ஓட்டோதான். ஆனால் பள்ளிக்கூடத்தில் கியர் வண்டி இருந்தால் நான் அதையே எடுக்கச் சொல்வேன். ஊர் லொறியின் கியர் மாதிரி இருக்காது, ஒரு மாற்றத்துக்கு க்ளட்சை இரண்டு தரம் மிதிக்க வேண்டும். ஒரு கிழமை கஷ்டப்படுத்தும், பிறகு வந்துவிடும்.

லைசென்ஸ் வந்தவுடன் வேலை கொட்டும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அனுபவம் இல்லாதவரை இன்சூரன்ஸில் சேர்க்கப் பல கம்பெனிகள் தயங்கும். அதனாலேயே 'உன் பெயரில் ஒரு கம்பெனி திற, காசை அதற்குப் போடுகிறோம்' என்று சிலர் கூப்பிடுவார்கள். 'ட்ரைவர் இன்க்' என்பது அதுதான். வண்டி அவர்களுடையது, வேலை நேரம் அவர்கள் சொல்வது, ஆனால் விடுமுறைச் சம்பளமும் வேலையில்லாக் காப்புறுதியும் உங்களுக்கு இல்லை, வரிப் பிரச்சினை மட்டும் உங்கள் தலையில். சம்பளம் குறைவாக இருந்தாலும் ஊழியராகச் சேர்த்து, சம்பளமும் பிடித்த வரியும் காட்டும் டி4 படிவம் தரும் இடத்தில் முதல் வருடத்தை ஓடுங்கள்.

அமெரிக்கப் பக்கம் ஓடும் யோசனையைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். கனடாவில் நிரந்தர வதிவிடம் (பிஆர்) மட்டும் உள்ள இலங்கையருக்கு அங்கே போக விசா வேண்டும். அதோடு 2025 ஜூன் முதல், றோட்டில் மறிக்கும்போது ஆங்கிலத்தில் பதில் சொல்ல முடியாத ட்ரைவரை அதே இடத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லிவிடுகிறார்கள்.

மெடிக்கல் முடிந்ததும், எந்தப் பள்ளிக்கூடங்களைப் பார்த்து வைத்திருக்கிறீர்கள், அந்த மூன்று கேள்விக்கும் அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் நானும் ஒருமுறை வாசித்துப் பார்க்கிறேன்.