மார்த்தாள் என்கிறார்கள், மனது வலிக்கிறது

கேள்வி: நான் சேலம் குகைப் பகுதியில் இருக்கிறேன். வயது 41. கணவர் லாரி ஓட்டுகிறார், வாரத்தில் பாதி நாள் வெளியூரில்தான் இருப்பார். நான் பட்டறையிலிருந்து வெள்ளி வாங்கி வந்து வீட்டிலேயே கொலுசுக்குக் கண்ணி சேர்த்துக் கொடுக்கிறேன். மாமியார் பக்கவாதம் வந்து இரண்டு வருடமாகப் படுக்கையில் இருக்கிறார். பிள்ளைகள் இருவரும் பள்ளியில். காலை நாலரைக்கு எழுந்தால் படுக்கப் பதினொன்று ஆகிவிடும். பைபிளைத் திறந்தால் தூக்கம்தான் வருகிறது. போன மாதம் எங்கள் சபைப் பெண்கள் ஏற்காட்டுக்குத் தியான முகாம் போய் வந்தார்கள். எனக்குப் போக வழியில்லை. வந்தவர்கள் எல்லோரும் 'அங்கே தேவ பிரசன்னத்தை உணர்ந்தோம்' என்கிறார்கள். ஒரு அக்கா என்னிடம், 'நீ மார்த்தாளாகவே இருந்துவிட்டாய், மரியாளாக மாறு' என்றார். அன்றிலிருந்து மனது சரியில்லை. ஆண்டவரோடு எனக்கு உறவே இல்லாமல் போய்விட்டதா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சேலம்

பதில்: அன்புச் சகோதரி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை, போகவில்லை. உங்களிடம் இல்லாமல் போயிருப்பது நேரமும் தூக்கமும்தான். அதைப் பக்திக் குறைவு என்று யாரோ பெயர் மாற்றிச் சொல்லிவிட்டார்கள், நீங்களும் நம்பிவிட்டீர்கள்.

அந்த அக்கா சொன்ன மார்த்தாளையே எடுத்துக்கொள்வோம். நம் சபைகளில் அவளுக்கு இருக்கும் கெட்ட பெயரை நினைத்தால் எனக்கு எப்போதும் வருத்தம்தான். இயேசு வீட்டுக்கு வந்தபோது பணிவிடையில் அலைந்தவள் மார்த்தாள், அவர் பாதத்தருகே உட்கார்ந்து வசனம் கேட்டவள் அவள் சகோதரி மரியாள். இதைச் சொல்லும் லூக்கா 10-ஆம் அதிகாரத்தோடு மார்த்தாள் கதையை நிறுத்திவிடுகிறோம். அங்கேகூட ஆண்டவர் 'ஏன் சமைக்கிறாய்?' என்று கேட்கவில்லை. 'மார்த்தாளே, மார்த்தாளே, நீ அநேக காரியங்களைக்குறித்துக் கவலைப்பட்டுக் கலங்குகிறாய்' என்கிறார். இரண்டு தடவை பெயர் சொல்லிக் கூப்பிடுவதில் எவ்வளவு பாசம் பாருங்கள். அவர் தொட்டது அவள் மனதின் கலக்கத்தையும், சகோதரியோடு தன்னை ஒப்பிட்டுப் பார்த்து அவள் பட்ட எரிச்சலையும்தான். மரியாள் நல்ல பங்கைத் தெரிந்துகொண்டாள் என்று அவர் சொன்னதும் உண்மை. அதை நான் மறைக்கவில்லை, பின்னால் வருகிறேன்.

அப்புறம் யோவான் 11-க்கு வாருங்கள். அவர்கள் சகோதரன் லாசரு இறந்து நான்கு நாள். இயேசு வருகிறார் என்று கேள்விப்பட்டதும் எழுந்து ஊருக்கு வெளியே ஓடுகிறவள் மார்த்தாள்தான், மரியாள் வீட்டில் இருக்கிறாள். 'நீர் உலகத்தில் வருகிறவரான தேவகுமாரனாகிய கிறிஸ்து என்று நான் விசுவாசிக்கிறேன்' என்று அந்தத் துக்க வேளையில் அறிக்கை செய்கிறவளும் அவளே. சீஷன் பேதுரு சொன்னதற்காக இன்றுவரை நாம் கொண்டாடும் அதே அறிக்கை. சமையலறையில் நின்ற பெண்ணின் வாயிலிருந்தும் அது வந்தது.

அடுத்த அதிகாரத்தில், பஸ்கா பண்டிகைக்கு ஆறு நாள் முன்பு, பெத்தானியாவில் ஒரு விருந்து. 'மார்த்தாள் பணிவிடை செய்தாள்' என்று இருக்கிறது. அதே மார்த்தாள், அதே வேலை. இந்தத் தடவை கலக்கமும் இல்லை, புகாரும் இல்லை, கண்டிப்பும் இல்லை. அவள் மரியாளாக மாறவில்லை, மாறச் சொல்லி ஆண்டவர் கேட்கவும் இல்லை. உங்களிடமும் கேட்க மாட்டார்.

இனி ஏற்காடு. மலைக்குப் போய் அமைதியாக இருந்து வந்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். சேலத்து வெயிலிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, 1,500 மீட்டர் உயரத்துக் காற்றில் மூன்று நாள் ஜெபித்தால் யாருக்கும் மனது லேசாகும். அதுவும் ஆண்டவர் கொடுப்பதுதான். ஆனால் அதே மலையில் டிசம்பர், ஜனவரியில் காபிப் பழம் பறிக்கிற பெண்களை நினைத்துப் பாருங்கள். காலைப் பனியில் தோட்டத்துக்குள் இறங்கி, பறித்ததை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு, இருட்டும்போது வீடு வந்து அடுப்பு மூட்டுகிறவர்கள். அவர்களுக்கு ஏற்காடு தியான மலை இல்லை, வேலைக்களம். குகையில் உங்களுக்குக் கொலுசு எப்படியோ அப்படித்தான் அவர்களுக்கு அந்தச் சரிவு. மலையில் இருப்பதாலேயே அவர்கள் ஆண்டவருக்கு நெருக்கமாகிவிடவில்லை, கீழே இருப்பதாலேயே நீங்கள் தூரமாகவும் இல்லை.

எந்த மலையில் தொழுவது என்ற சந்தேகத்தை ஆண்டவரிடமே நேரில் கேட்ட ஒரு பெண் வேதத்தில் உண்டு. உச்சி வெயிலில் குடத்தோடு கிணற்றுக்கு வந்த சமாரியப் பெண். 'நீங்கள் இந்த மலையிலும் எருசலேமிலும் மாத்திரமல்ல, எங்கும் பிதாவைத் தொழுதுகொள்ளுங்காலம் வருகிறது' என்றார் இயேசு. அந்தப் பெரிய வார்த்தையை ஆலயத்தில் வைத்து ஆசாரியனுக்குச் சொல்லவில்லை. தண்ணீர் எடுக்க வந்தவளுக்கு, வேலைக்கு நடுவில் சொன்னார்.

உங்கள் கை வேலையைப் பற்றியும் ஒன்று சொல்ல ஆசைப்படுகிறேன். யாத்திராகமம் 31-ஐ வாசித்துப் பாருங்கள். அங்கே கர்த்தர் பெசலெயேல் என்ற ஒரு மனிதனைப் பேர் சொல்லி அழைத்து, தேவ ஆவியினால் நிரப்புகிறார். எதற்கு? பிரசங்கம் பண்ணவா, தீர்க்கதரிசனம் சொல்லவா? பொன்னிலும் வெள்ளியிலும் வெண்கலத்திலும் வேலை செய்ய! அதற்குச் சில அதிகாரங்கள் முன்னால் பிரதான ஆசாரியனுடைய அங்கியின் ஓரத்துக்குப் பொன் மணிகள் கட்டச் சொல்கிறார். பரிசுத்த ஸ்தலத்துக்குள் அவர் போகும்போதும் வரும்போதும் அந்தச் சத்தம் கேட்க வேண்டுமாம். மணி செய்த கைகளும் அந்த ஆராதனையில் இருந்தன. நாள் முழுக்க வெள்ளிக் கண்ணியோடு உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு இதை யாராவது முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

சரி, நடைமுறைக்கு வருவோம்.

ஆதித் துறவிகள் காலத்திலிருந்து ஒரு பழக்கம் இருக்கிறது. நீளமான ஜெபத்துக்கு வழியில்லாதபோது ஒரே ஒரு வசனத்தைப் பிடித்துக்கொள்வது. சங்கீதம் 70-இன் முதல் வசனத்தை, எந்த வேலையின் நடுவிலும் திரும்பத் திரும்பச் சொல்லலாம் என்று 5-ஆம் நூற்றாண்டில் ஜான் காசியன் என்ற துறவி எழுதி வைத்தார். 'தேவனே, என்னை விடுவியும், கர்த்தாவே, எனக்குச் சகாயஞ்செய்யத் தீவிரியும்.' அவ்வளவுதான். பால் பொங்கும்போதும் சொல்லலாம், கண்ணி சரியாக அமையாமல் எரிச்சல் வரும்போதும் சொல்லலாம், மாமியார் இரவில் மூன்றாவது தடவை கூப்பிடும்போதும் சொல்லலாம். நெகேமியா ராஜாவுக்குப் பானம் கொடுக்கிற வேலையில் இருந்தவர். ராஜா ஒரு கேள்வி கேட்க, அதற்குப் பதில் சொல்வதற்கு முன் அந்த ஒரு நொடிக்குள் பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபித்தார். அவர் முழங்காலிட்டதாக அங்கே இல்லை. கையில் கிண்ணம்கூட இருந்திருக்கலாம்.

கொலுசு சேர்க்கும்போது, அதைப் போடப்போகிற பெண்ணுக்காக ஒரு வரி ஜெபம் செய்யுங்கள். சேலத்துக் கொலுசு எந்தெந்த ஊருக்கெல்லாமோ போகிறது. சின்ன அளவாக இருந்தால் முதல் முதலாக நடக்கப்போகிற ஒரு குழந்தை. பெரிய அளவாக இருந்தால் கல்யாணப் பெண்ணாகக்கூட இருக்கலாம். அவள் போகிற வீட்டில் அடி வாங்காமல் இருக்க வேண்டும், படிப்பைத் தொடர வேண்டும் என்று கேளுங்கள். அவளுக்கு உங்களைத் தெரியாது, உங்களுக்கும் அவளைத் தெரியாது. ஆண்டவருக்கு இருவரையும் தெரியும். அதேபோல, எடை போட்டு வாங்கி எடை போட்டுத் திருப்பிக் கொடுக்கிற தொழில் உங்களுடையது. 'சுமுத்திரையான நிறைகல்லோ அவருக்குப் பிரியம்' என்று நீதிமொழிகள் சொல்கிறது, அதாவது சரியான எடைக்கல். ஒரு பொடி வெள்ளியைக்கூட ஒதுக்காமல் திருப்பிக் கொடுக்கிறீர்களே, அதுவும் பக்திதான். யாரும் அதற்குச் சாட்சி சொல்லச் சொல்லி மேடை ஏற்றமாட்டார்கள், அவ்வளவுதான்.

மாமியாரைத் துடைத்து, துணி மாற்றி, ஊட்டிவிடுகிற வேலை கஷ்டமானது. அதை அழகான வார்த்தையால் மூட நான் விரும்பவில்லை. நாற்றம் இருக்கும், கோபம் வரும். இயேசு இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சீஷர்களின் கால்களைக் கழுவினார். 'வியாதியாயிருந்தேன், என்னை விசாரிக்க வந்தீர்கள்' என்றும் சொல்லியிருக்கிறார். கோபம் வருகிற நேரத்தில் இதை நினைத்துக்கொள்ளுங்கள். நினைத்தும் கோபம் வந்தால் அதையே அவரிடம் சொல்லிவிடுங்கள். சங்கீதக்காரர்கள் சொல்லாத கோபமா?

இதெல்லாம் ஒரே வாரத்தில் வந்துவிடாது. 17-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்து மடம் ஒன்றில் சகோதரர் லாரன்ஸ் என்று ஒருவர் இருந்தார். முன்னாள் போர்வீரர். மடத்தில் அவருக்குக் கிடைத்தது சமையல் வேலை, அதுவோ அவருக்குச் சுத்தமாகப் பிடிக்காத வேலை. பிறகு செருப்புத் தைக்கும் வேலைக்கு மாற்றினார்கள். பாத்திரங்களின் சத்தத்துக்கு நடுவிலும் ஆண்டவரோடு பேசிக்கொண்டிருந்த மனிதராக உலகம் அவரை நினைக்கிறது. ஆனால் முதல் பத்து ஆண்டுகள் மிகவும் துன்பப்பட்டதாக அவரே எழுதியிருக்கிறார். ஒன்றுமே உணராத நாட்கள் உங்களுக்கும் வரும். தூங்கிக்கொண்டிருக்கும் மாமியாருக்கு நீங்கள் அறையில் இருப்பது தெரியாது, ஆனாலும் நீங்கள் அங்கேதான் இருக்கிறீர்கள். யாக்கோபும் ஒரு கல்லைத் தலைக்கு வைத்துத் தூங்கி எழுந்த பிறகுதான், 'மெய்யாகவே கர்த்தர் இந்த ஸ்தலத்தில் இருக்கிறார். இதை நான் அறியாதிருந்தேன்' என்றான்.

பைபிளைத் திறந்தால் தூக்கம் வருகிறது என்றீர்கள். தூங்குங்கள். எலியா தீர்க்கதரிசி களைத்துப்போய், சாகவேண்டும் என்று கேட்டபோது தேவதூதன் வந்து ஒரு பிரசங்கமும் செய்யவில்லை. 'எழுந்திருந்து சாப்பிடு' என்றான். தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருந்தன. சாப்பிட்டுத் திரும்பவும் படுத்துக்கொண்டான், தூதன் விட்டுவிட்டான். இரவில் வாசிப்பதை விட்டுவிட்டு, மதியம் மாமியாருக்கு ஊட்டி முடித்ததும் அவருக்குக் கேட்கும்படி ஒரு சங்கீதத்தைச் சத்தமாக வாசியுங்கள். இருவருக்கும் ஆகும்.

இனி, நான் சொல்வேன் என்றேனே, அந்த மரியாளின் பங்கு. வேலையே ஜெபம் என்று சொல்லி முடித்துவிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. இயேசுவே அதிகாலையில் இருட்டோடு எழுந்து தனியிடத்துக்குப் போய் ஜெபித்தார். அவருக்கே அது தேவையாக இருந்ததென்றால் உங்களுக்கும் தேவை. ஓய்வுநாள் கட்டளையில் வேலைக்காரியும் இருக்கிறாள், மிருகஜீவனும் இருக்கிறது. ஒரு வீட்டின் மருமகள் மட்டும் அதற்கு விலக்கு என்று எங்கே எழுதியிருக்கிறது? உங்கள் கடிதத்தில் கணவர் ஊரில் இருக்கும் பாதி நாளைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அந்த நாட்களில் அவர் தன் தாயை ஒரு மணி நேரம் பார்த்துக்கொள்ளட்டும். கேட்க வேண்டிய விதத்தில் கேளுங்கள், சண்டையாக அல்ல, ஆனால் கேட்காமல் இருக்காதீர்கள். பிள்ளைகளும் பாத்திரம் கழுவலாம். அந்த ஒரு மணி நேரத்தில் மொட்டை மாடியிலோ, ஆலயத்தின் பின்வரிசையிலோ சும்மா உட்காருங்கள். எதையும் வாசிக்கக்கூட வேண்டாம்.

அந்த அக்கா மேல் கோபம் வைக்காதீர்கள். உங்களுக்கு நன்மையை நினைத்துத்தான் சொல்லியிருப்பார். உங்கள் நாள் எப்படிப் போகிறது என்று அவருக்குத் தெரியாது, சொல்லுங்கள். சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு மணி நேரம் மாமியார் பக்கத்தில் இருக்க முடியுமா என்று வாய்விட்டுக் கேளுங்கள். வருவார் என்றுதான் நினைக்கிறேன்.

இன்னொன்று. மாமியார் இந்த இரண்டு வருடத்தில் நற்கருணை எடுத்தாரா என்று நீங்கள் எழுதவில்லை. படுக்கையில் இருப்பவர்களுக்கு ஆயர் வீட்டுக்கே வந்து கொடுப்பார். வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவரிடம் சொல்லி ஒரு நாள் குறித்துக்கொள்ளுங்கள். கணவர் ஊரில் இருக்கிற நாளாகப் பார்த்துக் குறித்தால் நான்கு பேரும் கூட இருந்து வாங்கிக்கொள்ளலாம். பிள்ளைகளுக்கு இன்னும் திடப்படுத்தல் (நற்கருணை எடுப்பதற்கு முன் சபையில் நடக்கும் சடங்கு) ஆகவில்லை என்றால் ஆயர் அவர்கள் தலையில் கைவைத்து ஆசீர்வதிப்பார்.