கூத்து வகுப்புக்கு நிதி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் தெருக்கூத்துக் குழுவில் பன்னிரண்டு பேர். ஊர்ப் பிள்ளைகள் 20 பேருக்கு ஆறு மாதம் கூத்து கற்றுக்கொடுக்க ஆசை. குழுவைப் பதிவு செய்யவில்லை. யாரிடம் நிதி கேட்கலாம்?
– வாசகர், செய்யாறு

பதில்: முதலில் பதிவு. மத்திய கலாசார அமைச்சகத்தின் நிதியுதவிக்கு விண்ணப்பிக்கும் அமைப்பு பதிவாகி மூன்று ஆண்டாவது ஆகியிருக்க வேண்டும். தொண்டு அமைப்புகள் பதிவு செய்யும் நிதி ஆயோக்கின் தர்பண் இணையதளத்தில் வாங்கிய எண்ணும் கேட்பார்கள். அறக்கட்டளையை இரண்டு பேரே தொடங்கிவிடலாம். சங்கத்துக்கு ஏழு பேர் வேண்டும். வருடா வருடம் பொதுக்குழு கூட்டி மாவட்டப் பதிவாளரிடம் கணக்குத் தர வேண்டும். வேலை கூடுதல்தான். ஆனாலும் பன்னிரண்டு பேரும் சரிபங்கு என்றால் சங்கமே மேல். பணம் வந்த பிறகு மனஸ்தாபம் வராது.

பத்திரம், பான் அட்டை, வங்கிக் கணக்கு, தர்பண் நான்கிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். 'கூத்து' என்பதை ஆங்கிலத்தில் ஒரு இடத்தில் இரண்டு 'ஓ' போட்டும் இன்னொரு இடத்தில் 'யு' போட்டும் எழுதிவிட்டால் அனுமதியான பணமும் வழியில் நின்றுவிடும்.

அந்த மூன்று ஆண்டும் சும்மா இருக்க வேண்டாம். கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியைப் பாரம்பரியக் கலைகளுக்குச் செலவிட 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டமே இடம் தருகிறது. பணம் வாங்கும் அமைப்புக்கு வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவுகளும், இந்தச் சமூகப் பொறுப்பு நிதி வாங்குவதற்கான சிஎஸ்ஆர்-1 பதிவும் வேண்டும். அவை உள்ள பழைய அறக்கட்டளை ஒன்றோடு சேர்ந்து கேளுங்கள். பணம் எத்தனை நாளில் உங்கள் கைக்கு வரும், அவர்கள் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை முன்பே எழுதி வாங்கிவிடுங்கள். பெங்களூரில் உள்ள இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் தனிநபருக்கும் நிதி தருகிறது, தமிழிலேயே எழுதி அனுப்பலாம். ஆனால் அங்கே வெறும் வகுப்பு எடுபடாது. உங்கள் வாத்தியாரின் பாட்டு நோட்டுகளை ஆவணப்படுத்துவது போன்ற வேலைக்கு அது பொருத்தம்.

கேள்வி: நிதி கேட்ட விண்ணப்பத்தில் 'வகுப்புச் செலவு 2 லட்சம், இதர செலவு 50,000' என்று எழுதினோம். திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஏன்?
– வாசகி, விழுப்புரம்

பதில்: 'இதர' என்ற சொல்தான் காரணம். ஒவ்வொரு தொகைக்கும் பெருக்கல் கணக்கு வேண்டும். மாதிரிக்கு, ஆறு மாதம், சனி ஞாயிறு என்றால் 52 வகுப்பு. வாத்தியாருக்கு 52 × 1,000 = 52,000. மிருதங்கம், முகவீணை வாசிக்கும் இருவருக்கும் 52 × 2 × 600 = 62,400. பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி 20 × 52 × 25 = 26,000. நிறைவு நாள் கூத்துக்கு விளக்கு, மைக் 30,000. அரிதாரம், ஆடை, கட்டை (மரத்தாலான வேட அணிகள்) வாடகை 15,000. வீடியோப் பதிவு 10,000, ஆடிட்டர் 8,000. மொத்தம் 2,03,400.

கிரீடம், புஜகீர்த்தி (தோள் அணி) எல்லாம் கல்யாண முருங்கைக் கட்டையில் புதிதாகச் செய்ய ஆசை வரும். முதல் விண்ணப்பத்தில் வேண்டாம். பொருள் வாங்கும் செலவென்றால் பல திட்டங்களில் நீக்கிவிடுவார்கள். வாடகை என்றால் கேள்வி வராது. ஒத்திகை நடக்கும் கோயில் மண்டபம், குழுவினரின் இலவச உழைப்பு இவற்றுக்கும் விலை போட்டு 'எங்கள் பங்கு' என்று தனியே காட்டுங்கள். பல பேர் விட்டுவிடும் வரி இது.

கேள்வி: கலாசார அமைச்சகம் அனுமதித்த நிதியில் 75 சதவீதம் வந்தது. மீதி 25 வரவே இல்லை.
– வாசகர், தர்மபுரி

பதில்: பணத்தைச் செலவழித்ததற்கான பயன்பாட்டுச் சான்றிதழ், மத்திய அரசின் பொது நிதி விதிகளில் உள்ள ஜிஎஃப்ஆர் 12-ஏ படிவத்தில், ஆடிட்டர் கையெழுத்தோடு போனதா? போயிருந்தால் ரசீதுகளைப் பாருங்கள். கலைஞருக்கு 5,000 ரூபாய்க்கு மேல் கொடுத்த ரசீதில் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும். ஒருவருக்கு ஒரே நாளில் 10,000க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்திருந்தால் தணிக்கையில் இடறும். வங்கி வழியாகவே அனுப்புங்கள். அனுமதித்த செலவுத் தலைப்பை மாற்றிச் செலவழித்தீர்களானால், செலவுக்கு முன் வாங்கிய எழுத்து அனுமதியின் நகலையும் சேர்த்து அனுப்புங்கள். அது இல்லையென்றால் அந்தத் தொகையைக் கழித்துக்கொண்டுதான் மீதி வரும்.