பூஸ்டரில் கறள்: வர்ணம் பூசினால் போதுமா?

கேள்வி: என்னிடம் 1986ஆம் ஆண்டு நிசான் சன்னி கார் இருக்கிறது. கல்லடியில் கடற்கரையோரம் வீடு. பிரேக் பூஸ்டரின் (கால் மிதிக்கும் பலத்தை வெற்றிடத்தால் கூட்டித் தரும் தகரக் கூடு) கீழ்ப்பாதி கறள் பிடித்து, வர்ணம் உப்பி உரிந்துபோயிருக்கிறது. உப்புத்தாளால் உரசி வர்ணம் அடித்தால் போதும் என்கிறார் ஒரு மெக்கானிக். மாற்றத்தான் வேண்டும் என்கிறார் இன்னொருவர். பிரேக் வழக்கம்போலத்தான் பிடிக்கிறது. யார் சொல்வதைக் கேட்பது?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கல்லடி

பதில்: ஐயா, கல்லடியில் நிற்கும் காரில் கறள் பிடிப்பது புதினமில்லை. ஆனால் உப்புக்காற்று மேல்பாதி, கீழ்ப்பாதி பார்த்து வீசுவதில்லை. கீழே மட்டும் வர்ணம் உரிந்திருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பிரேக் ஒயிலை. பூஸ்டரின் முகத்தில் பூட்டியிருக்கும், ஒயிலைப் பிரேக் குழாய்களுக்குள் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் பின்பக்க சீல் தேய்ந்தால் ஒயில் கசிந்து தகரத்தின் வழியே கீழே வடியும். பிரேக் ஒயில் பட்ட இடத்தில் வர்ணம் நிற்காது. வர்ணம் போன தகரத்தை மிச்சம் வைக்காமல் தின்பதற்கு நம் கடற்காற்று இருக்கிறது.

மாஸ்டர் சிலிண்டரும் பூஸ்டரும் சேரும் இடத்தின் அடியில் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். வழுவழுப்பாக ஈரம் ஒட்டினால் விடயம் தெளிவு. சில்லுகளில் கசிவே இல்லாமல் ஒயில் மட்டம் மட்டும் இறங்கிக்கொண்டு போனாலும் அதே கதைதான். அந்த நிலையில் பூஸ்டரை மட்டும் மாற்றினால் புதியதும் இதே கதிக்கு வரும். மாஸ்டர் சிலிண்டரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பிரேக் பிடிக்கிறது என்பதை நான் சான்றாக எடுக்க மாட்டேன். பூஸ்டர் செத்தாலும் பிரேக் பிடிக்கும். மிதிப்பதற்குத்தான் பல மடங்கு பலம் வேண்டும். கல்லடிப் பாலத்தில் முன்னால் போகும் ஓட்டோ சடுதியாக நிற்கும்போது அந்தப் பலத்தைக் காலில் தேட நேரம் இருக்காது. எஞ்சினை நிறுத்திவிட்டு, பெடல் இறுகும்வரை பலமுறை மிதியுங்கள். மிதித்தபடியே எஞ்சினை இயக்குங்கள். பெடல் சற்றுக் கீழே இறங்க வேண்டும். பின்னர் பெடலை அழுத்தியபடியே எஞ்சினை நிறுத்தி, 30 விநாடி பொறுங்கள். கால் மேலே தள்ளப்பட்டால் காற்று எங்கோ உள்ளே போகிறது. மிதிக்கும்போது காலடியில் தொடர்ந்து 'உஸ்' என்று சத்தம் வருவதும் நல்ல சகுனமல்ல.

இவை சரியாக இருந்தால், ஸ்குரூ டிரைவரின் பிடியால் கறள் பட்ட இடத்தைத் தட்டுங்கள். கணீரென்று கேட்டு, தூள் மட்டும் உதிர்ந்தால் மேற்கறள். கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்து வர்ணம் பூசலாம். அடை அடையாகக் கழன்று வந்தாலோ, இரண்டு தகரங்களும் மடித்துச் சேர்ந்த விளிம்பு அரிபட்டிருந்தாலோ, மாற்றுங்கள். அதன்மேல் வர்ணம் அடிப்பது நோயாளிக்குப் பவுடர் பூசுகிற வேலை.

கழற்றுவது பெரிய வித்தையல்ல. மாஸ்டர் சிலிண்டரின் நட்டுகளைக் கழற்றி, பிரேக் குழாய்கள் மடியாமல் அதை முன்னே இழுத்து வைக்கலாம். குழாய் இணைப்பைத் திறக்காவிட்டால், குழாய்க்குள் புகும் காற்றை வெளியேற்றும் வேலை இருக்காது. பிறகு காற்றுக் குழாய், பெடலின் ஊசி, ஸ்டியரிங்குக்குக் கீழே நட்டுகள். அங்கே தலைகீழாகக் கிடந்து வேலை செய்யும்போது வரும் வசவுகளை இங்கே எழுத முடியாது.

மாற்று பூஸ்டருக்குக் கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போவதானால் பழையதைக் கையோடு கொண்டு போங்கள். விட்டம், போல்ட்டுகளின் இடைவெளி, மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளும் தள்ளுகோலின் நீளம் மூன்றும் பொருந்த வேண்டும். பாவித்த சாமான் என்றால் மாஸ்டர் சிலிண்டர் பொருந்தும் வாய்க்குள் எட்டிப் பாருங்கள். ஒயில் ஈரம் தெரிந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வாங்க வேண்டாம்.

பூட்டும்போது பலர் கோட்டை விடுவது தள்ளுகோலில். அது சற்று நீண்டிருந்தால் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் முழுதாகப் பின்னே வராது. ஒயில் திரும்ப வழியின்றி, கொஞ்சத் தூரம் ஓடியதும் பிரேக் சூடாகிச் சில்லுகளை இறுக்கும். குறுகினால் பெடல் ஆழமாகப் போகும். கோலின் நுனியில் பிள்ளைகள் விளையாடும் களி ஒரு துண்டு வைத்து, சிலிண்டரைப் பொருத்தி மீண்டும் கழற்றிப் பாருங்கள். களி நசுங்கி மெல்லிய படலமாக நின்றால் இடைவெளி சரி. களியில் ஓட்டை விழுந்தால் கோல் முட்டுகிறது. களி நசுங்காமல் தடிப்பாகவே நின்றால் கோல் போதாது. நுனியில் திருகி அளவை மாற்றலாம். களியைத் துடைத்தெடுத்த பிறகே கடைசியாகப் பூட்டுங்கள்.

கேள்வி: என் ரொயோட்டா டீசல் வேனில் பெடல் கல்லாக இருக்கிறது. பூஸ்டர் மாற்றியும் பயனில்லை.
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: தம்பி, பெட்ரோல் எஞ்சின் தானே காற்றை உறிஞ்சி பூஸ்டருக்கு வெற்றிடம் தரும். டீசல் எஞ்சினில் அப்படி எதிர்பார்க்க முடியாது. தனியாக ஒரு பம்ப் வேண்டும். பழைய ஜப்பான் டீசல் வேன்கள் பலவற்றில் அது அல்டர்னேட்டரின் முதுகில் இருக்கும். எஞ்சின் ஓடும்போது பூஸ்டர் பக்கத்துக் குழாயைக் கழற்றி விரலால் மூடிப் பாருங்கள். விரலை இழுக்கவில்லை என்றால் பம்பையும், அதற்கு வரும் எஞ்சின் ஒயில் குழாயையும், வழியில் உள்ள ஒருவழி வால்வையும் பார்க்கச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பூஸ்டரை எறிந்துவிடாதீர்கள். அதில் பழுதே இல்லாமலும் இருக்கலாம்.